சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை: செவித்திறன் குறைபாடு பற்றி ஓர் எளிய விளக்கம்

"அவருக்கு வேண்டியது மட்டும்தான் காதில் விழும்" என்ற குற்றச்சாட்டு, செவித்திறன் குறைந்த ஒருவர் வாழும் வீட்டில் என்றாவது ஒருநாள் எழுந்தே தீருகிறது. அடுத்த அறையில் கதவு சாத்தப்படும் ஓசைக்குத் திரும்பிப் பார்ப்பவர், பக்கத்தில் அமர்ந்து கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதிலைச் சொல்கிறார். தொலைக்காட்சியின் ஒலியை மற்றவர்களால் தாங்க முடியாத அளவுக்குக் கூட்டி வைப்பவர், யாராவது குரலை உயர்த்திப் பேசினால் "ஏன் இப்படிக் கத்துகிறாய்?" என்று எரிந்து விழுகிறார். இதையெல்லாம் பார்ப்பவர்கள், அவர் கவனிப்பதில்லை, பிடிவாதம் பிடிக்கிறார், சில நேரம் நடிக்கவும் செய்கிறார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

காது கேட்பதை, கூடவும் குறையவும் மட்டுமே கூடிய ஓர் அளவாக எண்ணுவதே இந்த முடிவுகளுக்குக் காரணம். கேட்கும் திறன் பாதியாகிவிட்டால் எல்லா ஒலிகளும் பாதியாகக் கேட்கும், இரு மடங்கு சத்தமாகப் பேசினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான செவித்திறன் குறைபாடு அப்படி நிகழ்வதில்லை. சில ஒலிகள் முழுமையாகவும், சில அரைகுறையாகவும் கேட்க, வேறு சில அறவே கேட்காமல் போகின்றன. எவை போகின்றன, ஏன் போகின்றன என்று தெரிந்துகொண்டால் மேலே சொன்ன முரண்கள் எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிடும்.

## எழுத்து தேய்ந்த பக்கம்

அச்சிட்ட ஒரு பக்கம் படிக்க முடியாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முதலாவது, எழுத்துகள் அனைத்தும் சரியாகவே அச்சாகியிருந்தும் மிகப் பொடியாக இருப்பது. ஓர் உருப்பெருக்கியை வைத்தால் பக்கம் முழுவதும் தெளிவாகிவிடும். இரண்டாவது, எழுத்துகள் போதுமான அளவில் இருந்தும் அங்கங்கே தேய்ந்து அழிந்திருப்பது. இங்கே உருப்பெருக்கியை வைத்தால் இருக்கும் எழுத்துகள் பெரிதாகத் தெரியும். அழிந்த எழுத்துகளின் இடத்தில் பெரிய வெற்றிடம்தான் தெரியும். ஆயினும் பழக்கப்பட்ட வாசகர் முன்பின் சொற்களை வைத்து விடுபட்டதை ஊகித்துப் படித்துவிடுவார். ஊகிப்பதற்கு நேரம் பிடிக்கும், களைப்பு உண்டாகும், அவ்வப்போது தவறும் நேரும்.

செவித்திறன் குறைபாட்டிலும் இந்த இரண்டு வகைகள் இருக்கின்றன. முதல் வகையில் ஒலி மெலிந்து வருகிறது. இரண்டாவது வகையில் ஒலியின் பகுதிகள் விடுபட்டு வருகின்றன. நிரந்தரக் குறைபாடுகளில் மிகப் பெரும்பான்மை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

## ஒலி உள்ளே செல்லும் வழி

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்ணிக்கையே அதிர்வெண். அதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் குறிக்கிறோம். அதிர்வெண் குறைவாக இருந்தால் ஒலி இடிமுழக்கம்போல் கனமாகவும், அதிகமாக இருந்தால் விசில்போல் கீச்சென்றும் இருக்கும். இளம் வயதில் மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது.

காது மடலும் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள செவிக்குழாயும் ஒலியைச் செவிப்பறைக்குக் கொண்டு செல்கின்றன. இது புறச்செவி. செவிப்பறைக்கு அப்பால் காற்று நிரம்பிய ஒரு சிறிய அறை உண்டு, அது நடுச்செவி. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகள் அங்கே சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. மனித உடலின் மிகச் சிறிய எலும்பான அங்கவடியின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர்தான்.

இந்த எலும்புகள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அடுத்து வரும் உட்செவி திரவத்தால் நிரம்பியது. காற்றில் வரும் ஒலி நேரடியாகத் திரவத்தின் மீது மோதினால், அதன் ஆற்றலில் 99 சதவீதத்துக்கும் மேலானது திரும்பிப் போய்விடும். நீருக்குள் மூழ்கியிருப்பவருக்குக் கரையில் பேசுவது கேட்காததற்கும் இதுவே காரணம். பரந்த செவிப்பறையில் விழும் அழுத்தத்தை, அதைவிடப் பல மடங்கு சிறிய அங்கவடியின் அடித்தட்டில் குவித்து, அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டுவதே எலும்புச் சங்கிலியின் வேலை. சங்கிலி அறுந்தாலும் இறுகினாலும் ஒலி மெலிந்துவிடும்.

அங்கவடி தள்ளும் திரவம் இருப்பது காக்லியா என்ற உறுப்பில். நத்தை ஓடுபோல் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும் அதை நீட்டினால் 35 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். அதன் நீளவாக்கில் ஒரு மென்சவ்வு ஓடுகிறது. அதிர்வு வந்ததும் சவ்வு முழுவதும் ஒரே அளவில் ஆடுவதில்லை. வாயிலுக்கு அருகில் உள்ள பகுதி கீச்சொலிகளுக்கும், சுருளின் உச்சியில் உள்ள பகுதி கனத்த ஒலிகளுக்கும் மிகுதியாக ஆடுகிறது. இறந்தவர்களின் காதுகளில் இந்த அலையை நுண்ணோக்கியால் கண்டு விளக்கிய கெயார்க் ஃபொன் பேகெஷிக்கு 1961-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. காக்லியாவில் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனி இடம் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஓர் இடம் பழுதானால் அந்த இடத்துக்குரிய ஒலிகள் மட்டும் போகும்.

## மயிர்ச்செல்கள்

அந்தச் சவ்வின் மீது வரிசை வரிசையாக அமர்ந்திருப்பவை மயிர்ச்செல்கள். தலைப்பகுதியில் நுண்ணிய இழைக் கற்றைகள் நீட்டிக்கொண்டிருப்பதால் இந்தப் பெயர் வந்தது. தோலில் வளரும் மயிருக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. சவ்வு ஆடும்போது இழைகள் சாய்கின்றன. அவை சாய்ந்ததும் செல்லுக்குள் மின்னூட்டம் பெற்ற அயனிகள் பாய்கின்றன. அதிலிருந்து பிறக்கும் செய்தி செவி நரம்பு வழியாக மூளைக்குச் செல்கிறது.

இவற்றில் இரண்டு பிரிவுகள் உள்ளன. ஒரு காதில் சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள் இருக்கின்றன. மூளைக்குச் செய்தி அனுப்புபவை பெரும்பாலும் இவையே. சுமார் 12,000 வெளி மயிர்ச்செல்கள் செய்யும் வேலை வேறு. ஒலி வரும்போது அவை தாமே நீண்டும் சுருங்கியும், அந்த இடத்தில் சவ்வின் ஆட்டத்தைப் பெருக்கிக் கொடுக்கின்றன. மெல்லிய ஒலிகளைக் கேட்கச் செய்பவையும், அடுத்தடுத்த அதிர்வெண்களைப் பிரித்தறியச் செய்பவையும் இவையே. அப்படி அசையும்போது அவை ஒலியும் எழுப்புகின்றன. காதிலிருந்து வெளியே வரும் அந்த மெல்லிய ஒலியை டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர் 1978-இல் பதிவு செய்தார். பிறந்த குழந்தையின் காதில் சிறு கருவியைப் பொருத்திச் சில நிமிடங்களில் செய்யப்படும் சோதனை இந்த எதிரொலியைத்தான் தேடுகிறது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும் சோதனையைச் செய்துவிடலாம்.

இரைச்சலும் முதுமையும் முதலில் தாக்குவது வெளி மயிர்ச்செல்களை; அவற்றுள்ளும் காக்லியாவின் வாயிலுக்கு அருகில் கீச்சொலிகளைக் கவனிப்பவற்றை. பறவைகளுக்கு இந்தச் செல்கள் அழிந்தாலும் மீண்டும் முளைக்கின்றன. மனிதருக்கு முளைப்பதில்லை; பிறக்கும்போது இருப்பவைதான் வாழ்நாள் முழுவதற்கும்.

பேச்சில் கீச்சொலிகளின் பங்கு என்ன? நெடில் உயிரொலிகள் உரத்தவை, கனத்தவை. அவற்றின் ஆற்றல் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ச, ஸ, த, ப, க போன்ற மெய்யொலிகள் மெலிந்தவை. அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் கூறுகள் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. காலை, சாலை, பாலை ஆகிய மூன்றையும் சொல்லிப் பாருங்கள். "ஆலை" என்ற பகுதி மூன்றிலும் ஓங்கி ஒலிக்கிறது. பொருளை வேறுபடுத்தும் முதல் மெய்யோ கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போய்விடுகிறது. கீச்சொலிகளை இழந்தவருக்கு யாரோ ஏதோ பேசுவது நன்றாகவே கேட்கும். பேசியது காலையா, சாலையா, பாலையா என்பதுதான் தெரியாது. முன்னே சொன்ன பக்கத்தில் தேய்ந்துபோயிருப்பவை இந்த மெய்யெழுத்துகளே.

சுருக்கமாகச் சொன்னால், புறச்செவியும் நடுச்செவியும் ஒலியைக் கொண்டு சேர்க்கின்றன. காக்லியா அதை அதிர்வெண் வாரியாகப் பிரித்து நரம்புக்குத் தருகிறது. மயிர்ச்செல்கள் குறையும்போது பேச்சின் ஓசை மிஞ்சுகிறது, தெளிவு போய்விடுகிறது.

## வழித்தடக் கோளாறும் உட்செவிக் கோளாறும்

ஒலி காக்லியாவை அடைவதற்கு முன்பே தடைபட்டால் அது கடத்தல் வகைக் குறைபாடு. செவிக்குழாயை அடைத்திருக்கும் குறும்பி, செவிப்பறையில் துளை, நடுச்செவியில் சேரும் நீர், இறுகிப்போன அங்கவடி ஆகியவை இதன் காரணங்கள். பொடி எழுத்துப் பக்கம் இதுவே. இவற்றில் பல, மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரியாகக் கூடியவை. குழந்தைகளிடம் நடுச்செவி நீர் அதிகமாகக் காணப்படுவதற்குக் காரணம், நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழல் அவர்களுக்குக் குட்டையாகவும் கிடைவாக்கிலும் இருப்பதே. வகுப்பில் கவனம் இல்லாத பிள்ளை என்று பெயர் வாங்கும் குழந்தைகளில் சிலருக்கு இந்த நீர்தான் பிரச்சினை.

காக்லியாவிலோ செவி நரம்பிலோ பழுது இருந்தால் அது உணர்நரம்பு வகைக் குறைபாடு. முதுமை, இரைச்சல், மரபணுக் காரணங்கள், சில நோய்த்தொற்றுகள், சில மருந்துகள் ஆகியவை உண்டாக்குவது இதையே. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் பயன்படுத்தும் தத்துவத்தை வீட்டிலேயே உணரலாம். வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே ஒரு காதை விரலால் அடையுங்கள். முனகல் ஒலி அடைத்த காதின் பக்கம் நகரும். உங்கள் குரல் மண்டை ஓட்டின் வழியாக இரு காக்லியாக்களையும் சமமாக அடைகிறது. அடைத்த காதில் வெளி ஒலிகள் நுழையாததாலும், உள்ளே வந்த அதிர்வு வெளியேற முடியாததாலும் அங்கே ஓங்கிக் கேட்கிறது. ஒரு காது மந்தமாகிப்போனவர் முனகும்போது ஒலி அந்தக் காதிலேயே ஓங்கினால் கோளாறு பெரும்பாலும் வழித்தடத்தில் இருக்கும். நல்ல காதின் பக்கம் ஓங்கினால் உட்செவியைச் சந்தேகிக்க வேண்டும். இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்யும் சோதனையும் இதையே காண்கிறது. இது முதல் குறிப்பு மட்டுமே, நோயறிதல் ஆகாது. ஆயினும் உட்செவிப் பக்கம் காட்டும் குறிப்பை அலட்சியம் செய்யக் கூடாது.

## டெசிபல் என்பது சதவீதம் அல்ல

பரிசோதனை முடிந்து வருபவர்களிடம் "எத்தனை சதவீதம் கேட்கவில்லை?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அறிக்கையில் 40 என்ற எண் இருந்தால், 40 சதவீதம் போய்விட்டது, 60 சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் சதவீதம் அல்ல, டெசிபல்.

டெசிபல் ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு. ஆனால் அது கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. 30 கூடினால் 1,000 மடங்கு. கிசுகிசுப்பு ஏறத்தாழ 30 டெசிபல், சாதாரண உரையாடல் 60 என்று வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் இடையே ஆற்றலில் ஆயிரம் மடங்கு வேறுபாடு இருக்கிறது. 0 டெசிபல் என்றால் நிசப்தம் என்று பொருளல்ல. நல்ல செவித்திறன் உள்ள இளைஞர்கள் சராசரியாகக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியையே 0 என்று வைத்திருக்கிறார்கள்.

பரிசோதனையின் முடிவு ஆடியோகிராம் என்ற வரைபடமாகத் தரப்படுகிறது. இடமிருந்து வலமாக அதிர்வெண் ஏறும், வழக்கமாக 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை. மேலிருந்து கீழாக டெசிபல் ஏறும். ஆகவே கோடு கீழே இறங்க இறங்கக் குறைபாடு அதிகம். வலக் காதைச் சிவப்பு வட்டத்தாலும் இடக் காதை நீலப் பெருக்கல் குறியாலும் குறிப்பது மரபு.

உதாரணமாக ஒருவரின் இரு காதுகளில் நன்றாகக் கேட்கும் காதில் 500 ஹெர்ட்ஸில் 15, 1,000-இல் 20, 2,000-இல் 35, 4,000-இல் 60 டெசிபல் என்று கோடு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நான்கின் சராசரி 32.5. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 20 முதல் 35-க்குள் இருப்பது லேசான குறைபாடு. அறிக்கையில் "லேசானது" என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டார் நிம்மதி அடைந்துவிடுவார்கள். ஆனால் மெய்யொலிகள் வாழும் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் இவருக்கு இருப்பது 60 டெசிபல் இழப்பு. அமைதியான அறையில் ஒருவரோடு பேசும்போது சமாளித்துவிடுவார், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் திணறிப்போவார். என் கருத்தில், ஆடியோகிராமில் முதலில் பார்க்க வேண்டியது கோட்டின் சாய்வை. சராசரியைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் சொன்ன "ஏன் கத்துகிறாய்?" என்ற எரிச்சலுக்கும் இங்கே விடை இருக்கிறது. வெளி மயிர்ச்செல்கள் மெல்லிய ஒலிகளைத்தான் பெருக்குகின்றன. உரத்த ஒலிகளுக்கு அவற்றின் உதவி தேவையில்லை. அவை அழிந்தால் மெல்லிய ஒலிகள் மறைந்துவிடுகின்றன, உரத்த ஒலிகள் ஏறத்தாழ முன்புபோலவே உரத்துக் கேட்கின்றன. ஏறக்குறைய 100 டெசிபலில் ஒலி தாங்க முடியாததாகிறது என்றால், கேட்கும் எல்லை 0-இல் தொடங்குபவருக்கு இடையில் 100 டெசிபல் இடம் உண்டு. 60-இல் தொடங்குபவருக்கு 40 மட்டுமே. கேட்காத நிலையிலிருந்து தாங்க முடியாத நிலைக்கு ஒலி சட்டென்று தாவிவிடுகிறது. அவர் நடிக்கவில்லை.

## இரைச்சல் செய்யும் சேதம்

இரைச்சலின் தீங்கு அதன் உரப்பை மட்டும் பொறுத்ததல்ல. உரப்பும் நேரமும் சேர்ந்த மொத்த அளவைப் பொறுத்தது. 3 டெசிபல் கூடினால் ஆற்றல் இரட்டிப்பாவதால், தாங்கக்கூடிய நேரம் பாதியாகிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம். அதே கணக்கில் 88-க்கு 4 மணி நேரம், 94-க்கு 1 மணி நேரம், 100 டெசிபலுக்கு 15 நிமிடம். மேடை ஒலிபெருக்கிக்கு அருகில் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். கையடக்கப் பேசியில் காதொலிப்பான் வழியாகப் பாட்டுக் கேட்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வரம்பு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். பாதுகாப்பற்ற முறையில் கேட்பதால் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளையோர் ஆபத்தில் இருப்பதாகவும் அந்த நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

உரத்த இடத்திலிருந்து வெளியே வந்ததும் காது அடைத்ததுபோலவும் உள்ளே ரீங்காரமிடுவதுபோலவும் இருப்பதைப் பலரும் அறிவார்கள். ஓரிரு நாளில் அது சரியாகிவிடும். சரியாகிவிட்டதால் சேதமில்லை என்று நம்பி வந்ததை, ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் 2009-இல் எலிகளில் செய்த ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது. அந்த எலிகளின் கேட்கும் எல்லை பழைய நிலைக்குத் திரும்பியது, மயிர்ச்செல்களும் பிழைத்திருந்தன. ஆனால் அந்தச் செல்களையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் பெரும்பங்கு நிரந்தரமாக அழிந்திருந்தது. ஆடியோகிராம் சரியாக இருந்தும் கூட்டத்தில் பேச்சுப் புரியவில்லை என்பவர்களிடம் இதுவே நடந்திருக்கிறதா என்பதை இப்போது ஆராய்ந்து வருகிறார்கள்.

ஒரு கை தூரத்தில் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அந்த இடத்தின் இரைச்சல் 85 டெசிபலை ஒட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். அங்கே காதடைப்பான் தேவை. வெறும் பஞ்சைத் திணிப்பதால் பயன் மிகக் குறைவு. மென்நுரைக் காதடைப்பான் மலிவானது, ஆனால் அதைச் சரியாகப் பொருத்துவோர் குறைவு. விரல்களுக்கு இடையில் அதை உருட்டி, மடிப்பு விழாமல் மெல்லிய குச்சிபோல் ஆக்க வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்தால் வளைந்த செவிக்குழாய் நேராகும். உடனே அடைப்பானை உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சரியாகப் பொருந்தியிருந்தால் உங்கள் குரல் உங்களுக்கே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும். முக்கால் பங்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கழற்றி மீண்டும் முயலுங்கள்.

## குறும்பியும் மருந்துகளும்

குறும்பி அழுக்கு என்று நினைத்து அகற்றுவதே பல தொல்லைகளுக்குத் தொடக்கம். அது செவிக்குழாயின் தோலைப் பாதுகாக்கும் மெழுகு. செவிப்பறையிலிருந்து தோல் மெல்ல மெல்ல வெளிப்புறமாக நகர்ந்துகொண்டே இருப்பதால், குறும்பியும் தானாக வெளியே வந்துவிடும். பஞ்சுக் குச்சி அதை எதிர்த்திசையில் தள்ளி, செவிப்பறைக்கு அருகில் கெட்டிப்படுத்துகிறது. காது அடைத்திருந்தால் மருத்துவரிடம் காட்டி எடுத்துக்கொள்ளலாம். செவிப்பறையில் துளை இருக்க வாய்ப்புள்ளவர் எந்தத் திரவத்தையும் தாமாக ஊற்றக் கூடாது.

ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகளும், புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டினும் மயிர்ச்செல்களை அழிக்கக்கூடியவை. உயிர் காக்க அவை தேவைப்படும்போது மறுக்க இயலாது. ஆனால் சிகிச்சைக்கு முன்னும் இடையிலும் செவித்திறனைச் சோதிக்கும்படி கேட்பது நோயாளியின் உரிமை. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா, சில வகை மூளை உறைக்காய்ச்சல் ஆகியவற்றால் வரும் செவித்திறன் இழப்பைத் தடுப்பூசிகள் தவிர்க்கின்றன.

## காத்திருக்கக் கூடாத ஒரு நிலை

காலையில் எழும்போது ஒரு காது கேட்கவில்லை, அல்லது சில மணி நேரத்தில் திடீரென்று மந்தமாகிவிட்டது என்றால் அதை அவசர நிலையாகக் கருத வேண்டும். 3 நாட்களுக்குள் ஏற்படும் இத்தகைய உட்செவி இழப்புக்குத் திடீர்ச் செவித்திறன் இழப்பு என்று பெயர். வலி இருக்காது, ரீங்காரமோ தலைசுற்றலோ சேர்ந்து வரலாம். குறும்பி அல்லது சளி என்று எண்ணிச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். இதற்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. முனகல் சோதனை உட்செவிப் பக்கம் காட்டினால் அலட்சியம் செய்யக் கூடாது என்று சொன்னதற்கு இதுவே முக்கியக் காரணம்.

குழந்தைகள் விஷயத்திலும் காலம் முக்கியம். மூளையின் மொழிப் பகுதி முதல் சில ஆண்டுகளில்தான் ஒலிகளால் உருவாகிறது. ஒரு மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, மூன்று மாதங்களுக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதங்களுக்குள் உதவி என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு. குரல் எழுப்பிச் சிரிக்கும் குழந்தைக்குக் காது கேட்கும் என்று உறுதியாக இருந்துவிட முடியாது. செவித்திறன் இல்லாத குழந்தைகளும் முதல் மாதங்களில் அவ்வாறே குரல் எழுப்புகின்றன.

## கருவி என்ன செய்யும், என்ன செய்யாது

காது கேட்கும் கருவி எல்லா ஒலிகளையும் கூட்டித் தரும் ஒலிபெருக்கி என்றால், அது தேய்ந்த பக்கத்தின் மீது வைத்த உருப்பெருக்கியாகவே இருக்கும். நல்ல கருவி அப்படி வேலை செய்வதில்லை. ஆடியோகிராமைப் பார்த்து, 4,000 ஹெர்ட்ஸில் அதிகமாகவும் 500 ஹெர்ட்ஸில் ஒன்றுமே இல்லாமலும் கூட்டும்படி அதைச் செவிப்புல வல்லுநர் அமைக்கிறார். மெல்லிய ஒலிகளை அதிகமாகவும் உரத்த ஒலிகளைக் குறைவாகவும் பெருக்கி, எஞ்சியிருக்கும் குறுகிய இடத்துக்குள் எல்லாவற்றையும் அடக்குகிறது. ஒருவருக்கு அமைத்த கருவியை இன்னொருவர் வாங்கி மாட்டிக்கொள்வது வீண் என்பதும், சோதனை இல்லாமல் விற்கப்படும் வெறும் ஒலிபெருக்கிகள் பலருக்கு ஏமாற்றம் தருவதும் இதனால்தான்.

ஆயினும் முற்றிலும் அழிந்த செல்களின் இடத்தைக் கருவியால் நிரப்ப முடியாது. பல ஆண்டுகளாக மெல்லிய ஒலிகளை மறந்துவிட்ட மூளைக்கும் பழகக் காலம் வேண்டும். முதல் நாட்களில் காகிதம் கசங்குவதும் காலடியும் கூடக் காதைக் குடையும். தன் குரலே அந்நியமாகக் கேட்கும். கருவியைக் கைவிடுபவர்களில் பெரும்பாலோர் அதை மேசை இழுப்பறையில் போடுவது இந்தக் கட்டத்தில்தான். நாள்தோறும் தொடர்ந்து அணிந்தால் சில வாரங்களில் மூளை தேவையற்ற ஒலிகளை ஒதுக்கப் பழகிவிடுகிறது. இடையில் வல்லுநரிடம் சென்று அளவுகளைத் திருத்திக்கொள்வது தோல்வியல்ல, அது பொருத்துதலின் ஒரு பகுதி.

கருவியால் பயன் பெற முடியாத அளவுக்குக் கடுமையான இழப்பு இருந்தால் காக்லியர் இம்ப்ளான்ட் உண்டு. அறுவை சிகிச்சையால் காக்லியாவுக்குள் மின்முனைகளைச் செலுத்தி, மயிர்ச்செல்களைத் தாண்டி நரம்பை நேரடியாகத் தூண்டும் முறை அது. செயல்படும் 3,500 உள் மயிர்ச்செல்களின் வேலையை ஏறத்தாழ 20 மின்முனைகள் செய்கின்றன. அதை வைத்துக்கொண்டே தொலைபேசியில் உரையாடும் அளவுக்குப் பலரின் மூளை கற்றுக்கொள்வது வியப்புக்குரியது.

மறதி நோய்க்கும் செவித்திறனுக்கும் உள்ள தொடர்பு பற்றியும் அதிகம் பேசப்படுகிறது, சற்று மிகையாகவே. நடுவயதில் செவித்திறன் குறைந்தவர்களிடம் மறதி நோய் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. கருவி அணிந்தால் அறிவாற்றல் சரிவைத் தடுக்கலாமா என்று 70 முதல் 84 வயது வரையுள்ள ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் நடத்தி 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மொத்தக் குழுவில் மூன்றாண்டுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் மிகுந்திருந்த குழுவில் அறிவாற்றல் சரிவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. பேச்சில் மீண்டும் கலந்துகொள்ள முடிவதே கருவி அணியப் போதுமான காரணம் என்பது என் எண்ணம்.

## உடன் பேசுபவர்கள் செய்யக்கூடியவை

குரலை உயர்த்தும்போது உயிரொலிகள்தான் ஓங்குகின்றன. மெய்யொலிகள் அந்த அளவுக்கு ஓங்குவதில்லை. கத்துவது விடுபட்ட பகுதியைத் தராமல், ஏற்கெனவே கேட்கும் பகுதியையே இன்னும் உரக்கத் தருகிறது. அதைவிட அருகில் செல்வது மேல்: இடைத்தூரத்தைப் பாதியாக்கினால் வந்து சேரும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அதுவும் எல்லா அதிர்வெண்களிலும் சமமாக. முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே அமர்ந்தால், காதுக்கு எட்டாத "ப"வையும் "த"வையும் உதடு காட்டிக்கொடுத்துவிடும். தொலைக்காட்சியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பேசலாம்.

முதல் முறை புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை அதே சொற்களில் மூன்று முறை சொல்லாமல், சொற்களை மாற்றிச் சொல்லுங்கள். "மாமா எப்போது வருகிறார்?" என்பது பிடிபடாதவருக்கு "மாமா வரும் நாள் தெரியுமா?" என்பது பிடிபடலாம்; இரண்டாவது வாக்கியத்தின் மெய்யொலிகள் அவருக்குக் கேட்கும் பகுதியில் விழுந்திருக்கக்கூடும். தேதி, மருந்தின் அளவு, தொலைபேசி எண் போன்றவற்றில் ஊகத்துக்கு இடமில்லை என்பதால் அவற்றை எழுதிக் காட்டிவிடுவது நல்லது.